ஆல்ட்டோவில் எட்டு பார்

ஹோம்புஷ் பக்கம் நான் பாடும் தேவாலயக் குழுவை நடத்துபவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற இசை ஆசிரியர். எல்லோருக்கும் அவர் அங்கிள். இத்தாலியில் ஒரு பழைய மடத்து அலமாரியில் கிடைத்த கையெழுத்துப் பிரதியின் நகலை நண்பர் ஒருவர் அவருக்கு அனுப்பியிருந்தார். முந்நூறு வருடத்துக்கு முந்தைய லத்தீன் திருப்பாடல், நான்கு குரல்களுக்கு. எழுதியவர் பெயர் இல்லை. அந்தக் காலத்துப் பெரிய மேதை ஒருவருடையது என்று அங்கிள் நம்பினார். கண்ணில் புரை விழுந்திருந்ததால் மங்கலான நகலை அவரால் வாசிக்க முடியவில்லை.

"பிள்ளை, கம்ப்யூட்டர்ல வடிவா அடிச்சுத் தாங்கோ" என்று என்னிடம் கொடுத்தார்.

பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்ட்டோவில் எட்டு பார், அதாவது எட்டு தாள அளவு, இல்லை. அந்த இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மற்ற மூன்று குரல்களின் போக்கைப் பார்த்து நானே எழுதி நிரப்பினேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று குறிப்பு எதுவும் போடவில்லை.

ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் அங்கிள் கையை இறக்கிவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"கேட்டனீங்களோ? இந்த ஆல்ட்டோவை வேற ஆரால எழுதேலும்? இது அவர்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த எட்டு பாரை ஆதாரமாக வைத்து அவர் கட்டுரை எழுதினார். பேராசிரியர் ஒருவரைக் கச்சேரிக்கு அழைத்தார். ரயிலில் போகும்போதெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொள்வேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவேன். குழுவை விட்டு விலகவும் வழியில்லை. ஆல்ட்டோவில் நாங்கள் இரண்டே பேர்.

கச்சேரிக்கு முந்தைய நாள் மாலை, எல்லோரும் போன பிறகு சொல்லிவிட்டேன்.

"அங்கிள், அந்த எட்டு பார் நான் எழுதினது. ஒரிஜினல்ல அங்க வெறும் ஓட்டைதான்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

"வேற ஆருக்கும் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப சொல்லாதேங்கோ. கட்டுரை அனுப்பியாச்சு."

சொல்லிவிட்டால் மூச்சு வரும் என்று நினைத்திருந்தேன். நான் உள்ளே போட்டிருந்த தாழ் போதாதென்று இப்போது அவரும் வெளியேயிருந்து போட்டுவிட்டார்.

மறுநாள் பாடினோம். முடிந்ததும் பேராசிரியர் ஆல்ட்டோக்களைத் தேடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பகுதியைக் கேட்டபின், பாடல் அந்த மேதையுடையதுதான் என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றார். அங்கிள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நன்றி சொன்னேன்.

போன மாதம் மெல்பர்னில் ஒரு குழு பாடலின் பிரதி கேட்டு எழுதியது. அங்கிள் அதை அனுப்பும்படி என்னிடம் சொன்னார். எட்டு பாரோடு அப்படியே அனுப்பிவிட்டேன்.