ஃபிரிட்ஜைத் தொட்டதும் உறுமிய ஊறுகாய் டப்பா

எங்கள் வீட்டில் டிவியைவிட அதிகமாகச் சத்தம் போடுவது ஒரு ஊறுகாய் டப்பா. பிளாஸ்டிக் டப்பாதான். மாங்காய் ஊறுகாய் தீர்ந்ததும் கழுவிக் காயவைத்து, மூடியில் வரிசையாகப் பித்தளை டிராயிங் பின்களைக் குத்தினோம். உள்ளே ஒரு சின்ன சிப், நாலைந்து ஒயர், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான். இதற்குப் பெயர் சின்தசைசர் என்று என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பத்தாவதோடு நின்றவன். தி.நகரில் துணிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலை.

பிள்ளைகளே, அந்த டப்பா எப்படிப் பாடும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் பிறகு நடந்தது புரியும். இரண்டு பின்களின் மேல் இரண்டு விரலை வைத்தால் உங்கள் தோல் வழியாகத் துளியூண்டு மின்சாரம் போகும். போவதே தெரியாது. லேசாகத் தொட்டால் குரல் கீழே இறங்கும், அழுத்தினால் மேலே ஏறும், ஈர விரலை வைத்தால் கீச்சென்று கத்தும். அதாவது, வாசிக்கிறவர் உடம்பும் அந்தக் கருவியில் ஒரு பாகம்.

இதெல்லாம் ஒரு உடைந்த பொம்மை கீபோர்டில் ஆரம்பித்தது. பின்பக்க மூடி போய்விட்ட அந்தக் கீபோர்டில் என் மகள் ஒருநாள் எச்சில் விரலை வைத்தாள். ஓடிக்கொண்டிருந்த பாட்டு இழுத்து இழுத்து, வால் மிதிபட்ட பூனைபோல அழுதது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று பிடித்த பைத்தியம்தான். ராயப்பேட்டையில் பழைய சாமான் விற்கும் கடைகளில் ரேடியோவும் பொம்மையும் பொறுக்குவோம். பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிற எக்கோ பெட்டி ஒன்று செய்தோம். குரலைக் கரகரவென்று கிழிக்கிற பெட்டி ஒன்று செய்தோம். அதில் என் மனைவி, "காய் வாங்கிட்டு வாங்க" என்று சொன்னால் கொள்ளைக்காரி மிரட்டுவதுபோல் இருக்கும்.

எனக்குக் கரண்ட் என்றால் பயம். அதனால் சுவரில் செருகுகிற எதையும் திறக்கக் கூடாது, பேட்டரி மட்டும்தான் என்று சொல்லி வைத்திருந்தேன். ஈயம் பற்றவைக்கும்போது ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் என் உத்தரவுதான். வீட்டுக்குள் செருப்பா என்று அதற்கு என் மனைவியிடம் இருவரும் தினமும் திட்டு வாங்குவோம்.

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதி. மாடியில் வீட்டுக்காரர், பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை மாமா என்போம். அவர் தனியாகத்தான் இருக்கிறார். எங்கள் சத்தத்தை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை, கிண்டல் மட்டும் செய்வார்.

"என்னடி, உங்காத்துல இன்னிக்குப் பூனைக்குக் கல்யாணமா?"

"இல்ல மாமா, நாய்க்குக் காதுகுத்து. மொய் வைக்க வாங்க" என்பாள் என் மகள்.

அன்று எனக்கு வார விடுமுறை. துணிக்கடைக்காரர்களுக்கு ஞாயிறு கிடையாது, வாரநாளில்தான் லீவு. மத்தியானம் வீட்டில் மட்டும் கரண்ட் போனது. மாடிப்படிக்குக் கீழே மெயின் பெட்டியிலிருந்து கருகல் வாடை. மாமா, அக்கம்பக்கத்தில் ஒயரிங் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டார். மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் இரண்டு ஒயரும் கருகிப்போயிருந்தன. அவர் அவற்றைப் பிடுங்கிப் புது ஒயர் போட்டு முடுக்கினார்.

"அண்ணே, ஃபேன் சுத்துதா?"

"சுத்துதுப்பா."

"லைட்டு?"

"எரியுது."

"அவ்ளோதான். வர்ட்டா?" என்று பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர், கெட்டிக்காரர்.

சாயங்காலம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். டப்பாவில் ஒரு பின் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றவைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க டப்பாவை இடது கையில் பிடித்து, கட்டைவிரலைப் பின்னின் மேல் வைத்தபடியே தண்ணீர் குடிக்கப் போனாள். காலில் ரப்பர் செருப்பு. எங்கள் ஃபிரிட்ஜ் ஹாலும் சமையலறையும் சேருகிற மூலையில் இருக்கிறது. பழையது. கைப்பிடிக்குப் பக்கத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு தெரியும். அவள் வலது கையால் அதைப் பிடித்தாள்.

டப்பா உறுமியது.

எங்கள் டப்பா எலிபோல் கீச்சிடும், கொசுபோல் பாடும். உறுமியதே இல்லை. கீழ்க்குரல் வரவேண்டும் என்று எத்தனையோ நாள் எதையெதையோ மாற்றிப் பார்த்திருக்கிறோம், வந்ததில்லை. இப்போது தவில்காரர் இடதுபக்கத்தை விடாமல் தேய்ப்பதுபோல் 'ம்ம்ம்ம்' என்று ஒரு குரல். அவள் கையை எடுத்தாள், நின்றது. வைத்தாள், மறுபடி வந்தது.

"ப்பா! ஓடி வாயேன்! ஃபிரிட்ஜுல கைய வெச்சா பேஸ் வருதுப்பா!"

நான் சந்தோஷமாக ஓடினேன். உண்மையைத்தான் எழுதுகிறேன். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். "அட, சூப்பரா இருக்கே!" என்றேன். அவள் கையை எடுத்து எடுத்து வைத்துத் தாளமே போட ஆரம்பித்துவிட்டாள்.

"கையில ஏதாச்சும் தெரியுதாம்மா?" சும்மாதான் கேட்டேன்.

"லேசா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

எறும்பா?

ஒன்பது வோல்ட் பேட்டரியில் எறும்பு ஊராது. அப்புறம்தான் அந்தக் குரலை நான் ஒழுங்காகக் கேட்டேன். அது எனக்குத் தெரிந்த குரல். பெட்டி செய்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஸ்பீக்கர் ஒயரின் நுனியைத் தெரியாமல் விரல் தொட்டுவிட்டால் வருமே, சுவருக்குள் ஓடுகிற கரண்டின் இரைச்சல், அதே சுருதி. அது ஃபிரிட்ஜிலிருந்து புறப்பட்டு, என் பிள்ளையின் ஒரு கையில் ஏறி, அவள் உடம்பைக் கடந்து, இன்னொரு கை வழியாக டப்பாவுக்குள் போய்ப் பாடிக்கொண்டிருந்தது.

"கைய எடு!" என்று கத்தினேன். எடுத்துவிட்டாள். ஆனால் அதோடு முடியவில்லை.

என் மனைவி சமையலறையைத் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தாள். வெறுங்கால், ஈரத் தரை, கையில் சொட்டுகிற துணி. அவளுக்கு முட்டிவலி. துடைத்து முடித்தால் ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். தினமும் நான் பார்க்கிறதுதான். திரும்பிப் பார்க்காமலே கையை மேலே தூக்கினாள். அந்தக் கைக்கு அந்த இடம் மனப்பாடம்.

எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. என் மகள்தான் பாய்ந்து, அம்மாவின் நைட்டியை முதுகோடு கொத்தாகப் பிடித்து இழுத்தாள். என் மனைவி அப்படியே பின்பக்கமாகச் சரிந்து, ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ! என்னடி பைத்தியமா உனக்கு? இடுப்பு போச்சு! என்னங்க, நீங்களும் மரம் மாதிரி நின்னு பாத்துட்டிருக்கீங்க?"

"தொடாத" என்றேன். அப்போதுதான் குரல் வந்தது. "எதையும் தொடாத. கரண்ட் வருது."

"எதுல?"

டெஸ்டரை எடுத்து ஃபிரிட்ஜின் உரிந்த இடத்தில் வைத்தேன். குங்குமப் பொட்டு மாதிரிச் சிவப்பாக எரிந்தது. வாஷிங் மெஷினில் வைத்தேன், எரிந்தது. கிரைண்டரின் எவர்சில்வர் உடம்பில் வைத்தேன், எரிந்தது. மூன்று முள் பிளக் போட்டுச் செருகிய அத்தனை சாமானிலும் எரிந்தது. ஆனால் ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறது. லைட் பளிச்சென்று இருக்கிறது. ஃபிரிட்ஜ் தண்ணீரைக் குளிர வைத்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் சரியாக வேலை செய்கிற ஒரு வீட்டில், எதைத் தொட்டாலும் சாவு. என்னால் அதை நம்பவே முடியவில்லை.

மெயினை அணைக்க ஓடினேன். அதுவும் இரும்புப் பெட்டி. சந்தேகப்பட்டு அதிலும் டெஸ்டரை வைத்தேன். அதுவும் எரிந்தது! மகளின் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, காய்ந்த ஒட்டடைக் கொம்பால் பிடியைக் கீழே தள்ளினேன்.

மாடியிலிருந்து சத்தம் வந்தது. "யாரு மெயினை அணைச்சது? சோப்பு போட்டுண்டிருக்கேன்!"

மாடியில் ஹீட்டர் இருக்கிறது. இரும்புக் குழாய், பித்தளைத் திருகு. நான் படியேறிக் குளியலறைக் கதவைத் தட்டினேன். "மாமா! குழாயத் தொட்டீங்களா?"

"தொடாம எப்படிடா குளிக்கறது? ஒரு பக்கெட் பிடிச்சு வெச்சுண்டு, அப்பறம்தான் ஹீட்டர் பிளக்கைச் சொருகினேன். இது தீர்ந்தாத்தான் அடுத்தது. என்ன ஆச்சு, ஏன் இப்படி மூச்சு வாங்கறே?"

சொன்னேன். துண்டோடு வெளியே வந்தார். தலையில் நுரை அப்படியே இருந்தது. பிளாஸ்டிக் பக்கெட்டில் இன்னும் ஒரே ஒரு சொம்புத் தண்ணீர்தான் மிச்சம் என்றார். தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டோம். சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னாண்ணே, பேய் புட்ச்ச மாரி கீற? வூட்டுக்கு வூடு ஃபிரிட்ஜு லேசா கடிக்கும்ணே, அதுக்குப் போயி..."

"கழட்டிப் பாரு தம்பி" என்றேன்.

ஃபிரிட்ஜின் சாக்கெட்டைக் கழற்றினார். சிரிப்பு நின்றுவிட்டது. கிரைண்டர் சாக்கெட்டைக் கழற்றினார். மாடிக்குப் போய் ஹீட்டர் சாக்கெட்டையும், கடைசியில் மெயின் பெட்டியையும் கழற்றினார். எல்லாவற்றிலும் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு ஒயர்த் துண்டு, இரண்டு திருகுகளை இணைத்துக் கட்டியிருந்தது.

பிள்ளைகளே, பிளக்கில் பெரிதாக ஒரு முள் இருக்கிறதே, அதற்கு எர்த் என்று பெயர். அது வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் போகவேண்டிய ஒயர். சாமானின் உடம்புக்குக் கரண்ட் வந்துவிட்டால் மண்ணுக்கு இறக்கிவிடுவது அதன் வேலை. எங்கள் வீட்டில் அது மண்ணுக்குப் போகவே இல்லை. கரண்ட் திரும்பிப் போகிற ஒயரோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். அது திரும்பிப் போகிற ஒயராக இருந்தவரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அன்று மத்தியானம் மெயினில் கரண்ட் வருகிற ஒயரும் திரும்பிப் போகிற ஒயரும் இடம் மாறின. அந்த நிமிஷத்திலிருந்து எர்த் என்று நாங்கள் நம்பிய முள் வழியாக முழுக் கரண்டும் ஃபிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் வந்துவிட்டது.

"ரெண்டும் கறுப்பு ஒயரு சார். லைட்டு எரிஞ்சுது, ஃபேன் சுத்துச்சு. உள்ள இப்பிடி ஒண்ணு கீதுன்னு நான் எப்டி சார் கனவு காண்பேன்? எவன் சார் இத செஞ்சது?" தம்பி மாமாவைப் பார்த்தார்.

மாமா முற்றத்தைக் கை காட்டினார். "ஒயரிங் பண்ணினப்போ, எர்த்துக்கு முற்றத்துல குழி தோண்டணும்னான். புதுசா மொசைக் போட்டிருந்தேன், உடைக்காதேன்னேன். சரி, வேற வழி இருக்குன்னான். என்ன வழின்னு நான் கேக்கலை. அன்னிலேர்ந்து ஒண்ணும் ஆகலையேடா... ஒண்ணுமே ஆகலையே..." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

தம்பி படியில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி காப்பி கொடுத்தாள். குடிக்காமல் கீழே வைத்தார். "அக்கா, இந்தக் கையாலதான் முடுக்கிட்டுப் போனேன். 'அவ்ளோதான்'னு சொல்லிட்டுப் போனேன்க்கா."

என் மனைவி மகள் பக்கம் திரும்பினாள். "உனக்குக் கையில எப்பிடிடி இருந்துச்சு?"

"எறும்பு ஊர்ற மாதிரி. நல்லா இருந்துச்சும்மா, அதான் நான்..."

பளாரென்று ஓர் அறை. என் மனைவி அவளை அடித்து நான் பார்த்ததே இல்லை. அடித்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள். மகள் அழவில்லை. எங்கள் எல்லோருக்கும் எதற்கு எது செய்வதென்றே தெரியாமல் போயிருந்தது.

உங்கள் வீட்டில் எதையாவது தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் இருந்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் 'அது அப்படித்தான்' என்று சொன்னால் மறுபடியும் சொல்லுங்கள். நீங்களாக இன்னொரு தடவை தொட்டுப் பார்க்காதீர்கள்.

மொசைக்கை உடைத்தது மாமாதான். கூலி ஆள் வருவதற்குள் அவரே சுத்தியலோடு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, இரும்புக் குழாயை இறக்கினார்கள். தம்பி எல்லா சாக்கெட்டையும் கழற்றி, ஒயர்த் துண்டுகளைப் பிடுங்கி, எர்த்தைக் குழிக்கு இழுத்தார். மெயினிலும் ஒயர்களை மாற்றிப்போட்டு, தப்பு நடந்தால் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்றையும் வைத்தார். வேலை முடியும்வரை வீட்டில் கரண்ட் இல்லை.

கடைசியில் மெயினைப் போட்டார்கள். ஃபிரிட்ஜ் முன்னால் எல்லோரும் நின்றோம். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை.

தம்பி செருப்பைக் கழற்றினார். "நகருங்கக்கா. நான் தொட்டு காட்றேன்."

"வேணாம். முதல்ல டெஸ்டர் வை" என்றாள் என் மனைவி.

வைத்தார். எரியவில்லை.

"இன்னொரு தடவ."

எரியவில்லை. அப்புறம் அவர் உள்ளங்கையை முழுசாக, பெயின்ட் உரிந்த இடத்தில் வைத்தார். நாங்கள் அவர் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தோம். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லக்கா. சில்லுனு கூட இல்ல" என்றார் தம்பி.

"அப்படியே நில்லு" என்றாள். அவர் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். என் மனைவி ஒரு விரலை நீட்டினாள், எடுத்தாள், மறுபடி நீட்டித் தொட்டாள். கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் திறந்தாள். புளித்த நாற்றம் குப்பென்று வந்தது. மாவு பொங்கிப் பாத்திரத்திலிருந்து வழிந்து, கீழ்த் தட்டில் இருந்த தக்காளியையும் மூடியிருந்தது.

"மாவெல்லாம் போச்சுங்க" என்றாள். கதவை மூடாமல் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.