வெள்ளைச் சுருள்

கடைசல் லேத்தை நிறுத்திவிட்டு, அவர் முழங்காலிட்டுத் தரையில் தேடிக்கொண்டிருக்கிறார். கையில் டார்ச். பகல் பதினோரு மணி, ஜன்னலில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால்தான் பொடித் துணுக்குக்கும் நிழல் விழும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. லேத்தில் சுழலும் தடித்த நைலான் கம்பியிலிருந்து நாடா போல வந்துகொண்டிருந்த சுருள் நடுவில் அறுந்து, ஒரு துண்டு எங்கோ பறந்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்காமல் இயந்திரத்தை மறுபடி ஓட்டமாட்டார். கால் மணி நேரம் கழித்துச் சட்டையைக் கழற்றி உதறியபோது, அது முதுகுப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. "இங்கதான் இருக்கியா?" என்று அதனிடமே கேட்டுவிட்டு, மூடி போட்ட வாளிக்குள் போட்டார்.

தெருவில் அவருக்கு ரிப்பன் மாமா என்று பெயர். ஒருநாள் கடைக்குப் போனவரின் பின்னால் இரண்டு முழ வெள்ளைச் சுருள் வால் மாதிரித் தொங்கிக்கொண்டே போயிருக்கிறது. கடைக்காரர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. இருபத்தாறு வருஷம் ஒரு தொழிற்சாலையில் இரும்பும் பித்தளையும் கடைந்த மனிதர். அதை மூடிய பிறகு இந்தச் சின்ன லேத்தை வாங்கி, வீட்டின் பின்னறையில் பழைய சாமான்களை அப்புறப்படுத்திவிட்டு நிறுத்தினார். தள்ளுவண்டிச் சக்கரங்களின் நடுவே அச்சைத் தாங்க வைக்கும் நைலான் வளையம், புஷ், அதுதான் இப்போது பிழைப்பு. இரும்புக்கு முன்னால் நைலான் எம்மாத்திரம், பாதி உழைப்பில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் இறங்கினார்.

வெட்டுவதில் பாதி உழைப்புதான். கூட்டுவதில்தான் மீதியும் அதற்கு மேலும் போயிற்று. "இரும்பு சொன்ன பேச்சு கேக்கும். வெட்டினா கீழ விழும், பெருக்கினா வெளிய போகும். இது சொந்தக்காரன் மாதிரி. போங்கன்னு சொன்னாலும் போகாது" என்பார். பிளாஸ்டிக் வெட்டுப்படும்போது அதில் மின்சாரம் ஏறிக்கொள்கிறது. அப்புறம் அது கையில் உள்ள ரோமத்தில் ஒட்டும், மூக்குக்கண்ணாடியில் ஒட்டும், சுவரில் ஒட்டும். துடைப்பத்தால் தள்ளினால் துடைப்பத்தோடு குடித்தனம் நடத்தும். ஒருமுறை காற்றுக் குழாயால் அடித்துப் பார்த்தார். அன்றைய சுருள் முழுவதும் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு வாரம் வரை தவணை முறையில் கீழே இறங்கியது. தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கினார். அது நாலு முழச் சுருளை ஆசையாக விழுங்கி, தொண்டையில் சிக்க வைத்துக்கொண்டு செத்தது.

இந்தத் தொழிலில் மற்றவர்கள் சுருளை உடைக்கத்தான் பார்ப்பார்கள். கம்பியின் நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் சுருள் தானே அறுந்து விழும். இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளாது, ஆளுக்கும் ஆபத்தில்லை. அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அறுந்த ஆயிரம் துண்டு ஆயிரம் இடத்துக்குப் போகும். முழுச் சுருளானால் போகிற இடம் ஒன்றுதான். அதனால் வெட்டும் டூலைச் சவரக்கத்தி மாதிரித் தீட்டி வைத்துக்கொண்டு, ஒரே சீராக நகர்த்தி, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அறுபடாத ஒரே சுருளாக எடுக்கிறார். கையால் தொடுவதில்லை. நீளக் கம்பிக் கொக்கியால் தலைப்பைப் பிடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிய வாளிக்கு வழிகாட்டுகிறார். தண்ணீர் பட்டதும் அதன் ஆட்டமெல்லாம் அடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் அவர் மூச்சு விடுவதைக்கூடத் தள்ளிப்போடுகிறார் என்று தோன்றும்.

இத்தனை பாடும் முன்னறைக்காக. முன்னறை ஜன்னலோரம் அவர் மனைவியின் தையல் இயந்திரம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான சட்டைகளை அவள் தைக்கிறாள். விரித்த உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சட்டை. பொம்மைக்கா என்று கேட்காதவர்கள் குறைவு. துணி பலமுறை துவைத்துப் பதப்படுத்திய பருத்தி, வெள்ளை. அப்போது பின்னறையில் கடைந்த நைலானும் வெள்ளை. இரண்டு தொழிலுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு.

கதவில் எப்போதும் ஈரப் போர்வை தொங்கும். அதைத் தாண்டி முன்னறைக்கு வருவதற்கு முன் அவர் சட்டையைக் கழற்றி உள்ளேயே மாட்டிவிட்டு, தலையை நனைத்து, ஈரத் துண்டால் கையையும் கழுத்தையும் துடைத்துக்கொள்வார். நாலு வருஷம் இது பிசகாமல் நடந்தது. சாப்பாட்டில் ஒரு துணுக்கு, தலையணையில் ஒரு துணுக்கு என்று அவ்வப்போது அகப்படும். மனைவி அதை விரல் நுனியில் எடுத்து அவர் முன்னால் நீட்டி, "உங்க பிள்ளை வந்திருக்கான்" என்பாள். அந்தக் கேலியில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதை இப்படிச் சிரித்துச் சொல்ல அவளுக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

தவறு நடந்தது மழையால். அன்று அவள் நூல் வாங்க வெளியே போயிருந்தாள். லேத் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் அவருக்கு மழை கேட்கவில்லை. ஈரக்காற்று முகத்தில் பட்டபோதுதான் முன்னறை ஜன்னல் நினைவுக்கு வந்தது. ஓடினார். வெட்டி அடுக்கி வைத்திருந்த துணிகளின் ஓரத்தில் சாரல் விழ ஆரம்பித்திருந்தது. அவற்றை அப்படியே இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்து, உள்பக்கத்து மேஜைக்குக் கொண்டுபோய் வைத்தார். சட்டையை மாற்றவில்லை, கையைத் துடைக்கவில்லை. ஒரு துணிகூட நனையாமல் காப்பாற்றிவிட்டோம் என்று அவர் நினைத்தார். அவளும் வந்து, நல்லவேளை நீங்க இருந்தீங்க என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒரு சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். கழுத்துத் தையலுக்குள் அரை நகம் அளவு வெள்ளைச் சுருள். நூலோடு நூலாக மடிந்து தைபட்டிருந்தது. யார் பார்த்தாலும் நூல் என்றுதான் சொல்வார்கள். நர்ஸ் சண்டை போட வரவில்லை. அவள் குரலை உயர்த்தியிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"கழுத்துல ஒரு கோடு மாதிரி சிவந்திருந்துச்சுக்கா. ரெண்டு நாளா யாருக்கும் தெரியல. அந்தக் குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்ல."

குழந்தை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னாள். அது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அழத் தெம்பில்லாத ஒரு உயிரின் கழுத்தில், தன் கையிலிருந்து போன ஒன்று இரண்டு நாள் குத்திக்கொண்டிருந்தது என்பதிலேயே நின்றுவிட்டார்.  மனைவி, தைத்து வைத்திருந்த எல்லாச் சட்டைகளையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு தையலாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அவர் பதினொரு நாள் லேத்தைத் தொடவில்லை. பின்னறையைக் கழுவினார், கதவிடுக்குகளை ஈரப் பஞ்சால் துடைத்தார். பிறகு புஷ் வாங்கும் பட்டறைக்காரரிடம் போய், இனிமேல் கறுப்பு நைலான்தான் கடைவேன் என்றார். என்ன திடீரென்று நிறத்தில் ஞானம் என்று பட்டறைக்காரர் கேட்டதற்கு, "வெள்ளைத் துணியில கறுப்பு விழுந்தா கண்ணுக்குத் தெரியும்" என்றார். அன்றிலிருந்து கறுப்புதான். ஆனால் நாலு வருஷத்து வெள்ளை இன்னும் அந்த வீட்டில் எங்கெங்கோ இருக்கிறது. அலமாரிக்குப் பின்னாலிருந்தும், பாய் நுனியிலிருந்தும், மின்விசிறி இறக்கையிலிருந்தும் இப்போதும் ஒன்றிரண்டு வருகின்றன. முன்பு அதை எடுத்துக் கேலி செய்தவள், இப்போது பேசாமல் குப்பையில் போடுகிறாள். அவரும் முன்னறைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். வெளியே போக வர வேண்டுமானால் பின்வாசல். சாப்பாடு சமையலறை வாசலில். வரக்கூடாதென்று அவள் சொல்லவில்லை, வரலாமா என்று அவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். நாற்பது சட்டை. இதிலும் ஒன்று அப்படி இருந்தால் வேறு ஆளிடம்தான் போக வேண்டியிருக்கும், எனக்கும் வேற வழி இல்லக்கா என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அவர் மனைவியின் பயம் வேறு. அப்படி ஒன்று நடந்தால் ஆஸ்பத்திரி சொல்வதற்கு முன் தானே ஊசியைக் கீழே வைத்துவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். தங்கையிடம் போனில் அதைச் சொன்னது போர்வைக்குப் பின்னால் அவருக்கும் கேட்டது. சொந்தமாய் ஒரு குழந்தைக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவைக்காதவளுக்கு அந்த இயந்திரம் என்னவென்று அவருக்குத் தெரியும்.

கொடுக்கவேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் நர்ஸ் வருவாள். மத்தியானம் மனைவி நாற்பது சட்டையையும் பாயில் பரப்பி, ஒவ்வொன்றாக உள்புறம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தையலின் மேல் விரலை ஓட்டினாள். முப்பது வருஷம் ஊசி குத்திய விரல். எதையும் உணர்ந்து சொல்வது அதற்குக் கடினம். பத்துச் சட்டை பார்த்தாள், மறுபடி அதே பத்தைப் பார்த்தாள். அவர் போர்வையைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். சூடான இரும்புச் சுருளைப் பிடித்துப் பிடித்துத் தோல் தடித்து, கொதிக்கும் டம்ளரைத் துணியில்லாமல் தூக்கும் கைகள். "உங்க கையில என்ன தெரியப்போகுது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அவர் போய்விட்டார். குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தலையிலிருந்து கால் வரை நனைந்து துடைத்து, அன்றுதான் துவைத்துக் காய்ந்த வேட்டியோடு, மேலே எதுவும் போடாமல் இருந்தார். காலையில் ஒருமுறை சவரம் செய்தவர், இப்போது மறுபடி செய்திருந்தார், கன்னம் மழமழவென்று இருந்தது. வாசலைத் தாண்டாமல் நின்று, "இதுல தெரியும்" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

 அவள் பாயில் நகர்ந்து இடம் விட்டு, "வாங்க, உக்காருங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். முதல் சட்டையை உள்புறம் திருப்பிக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தையல் போகிற வழியெல்லாம் முகத்தை மெதுவாக நகர்த்தினார். கழுத்து, தோள், கை, விளிம்பு. முடிந்ததும் இடது பக்கம் வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. அவள் இயந்திரத்தில் சாய்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழாவது சட்டையில், அக்குள் பக்கத்தில் நின்றுவிட்டார். திரும்ப அதே இடத்தில் கன்னத்தை வைத்தார். "இங்க" என்றார்.

அவள் விரலால் தடவிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தாள், அப்போதும் தெரியவில்லை. இருந்தாலும் பிரித்தாள். நாலாவது தையலில், முடியைவிடக் கொஞ்சம் பருமனாய், வெள்ளையாய் ஒரு துணுக்கு வந்தது. அதை நகத்தால் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வைத்தது அவருக்குத் தெரியவில்லை, கண்ணைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். கையை இறுக மூடிக்கொண்டார். தலை கவிழ்ந்துவிட்டது. அடுத்த சட்டையை எடுக்கவில்லை.

அவள் இருபத்தெட்டாவதை எடுத்தாள். அதை உள்புறம் திருப்பி, சுருக்கம் நீவி, அவர் முகத்தை நிமிர்த்தி, கன்னத்தில் தானே வைத்தாள்.