எயார் வைஸ் மார்ஷல் கேட்ட கேள்வி

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில் குடியிருந்தோம். முதியவர்களின் வீடுகளுக்குப் போய்த் துப்புரவு செய்து, மருந்து எடுத்துக் கொடுப்பது அப்பாவின் வேலை. அம்மாவுக்கும் வேலையிருந்த ஒரு சனிக்கிழமை, வேறு வழியில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அது ஓர் ஆங்கிலேயரின் வீடு. பிரித்தானிய விமானப்படையில் எயார் வைஸ் மார்ஷல் வரை உயர்ந்து ஓய்வுபெற்றவர். நோர்வேப் பெண்ணை மணந்து ஒஸ்லோவுக்கு வந்தவர், மனைவி இறந்தபின் தனியே இருந்தார். அவருடைய உத்தியோகம் முழுவதும் சுவரில் வரிசையாகத் தொங்கியது. முதலில் தொப்பி சரிந்த இளம் விமானி. கடைசியில் பெரிய மேசைக்குப் பின்னால் ஒரு நரைத்த தலை. படத்துக்குப் படம் தோளில் பட்டிகள் கூடின, விமானங்கள் குறைந்தன.

அவர் ஒவ்வொன்றாக எனக்கு விளக்கினார். அப்பாவுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த யன்னலையே திரும்பத் துடைத்தார். வாளியைக் காரணமில்லாமல் இடம் மாற்றினார்.

"நீங்கள் குண்டு போட்டிருக்கிறீர்களா?" என்று நான் நோர்வேஜிய மொழியில் கேட்டுவிட்டேன்.

"போட்டிருக்கிறேன். பிறகு, போடச் சொல்லிக் கையெழுத்து வைத்தேன்," என்றார் அவர். "மேலேயிருந்து புகை மட்டும்தான் தெரியும்."

"கீழை நிண்டா எல்லாம் தெரியும். ஊரிலை குண்டு விழேக்கை என்ரை தங்கச்சி நிண்டவள்," என்றார் அப்பா, தமிழில். பிறகு அதையே நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

எனக்கு ஒரு மாமி இருந்ததே அன்றுதான் தெரியும். கிழவர் கைத்தடியை ஊன்றி எழுந்து, தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

"நீ போய்ச் சப்பாத்தைப் போடு," என்று அப்பா என்னை வெளியே அனுப்பினார்.

திரும்பும்போது ரயிலில் இருக்கைகள் காலியாகக் கிடந்தும் அப்பா உட்காரவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் கதவுவரை போய்ப் போய் வந்தார். என் கேள்வியால் அவருடைய வேலை போய்விட்டதென்றே நான் எண்ணினேன்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட அம்மா, "அந்த வீட்டை விட்டிட்டு வேறை வீடு கேளுங்கோவன்," என்றார்.

"இல்லை, நான் போவன்."

"ஏனப்பா?" என்றார் அம்மா.

"தங்கச்சிக்கு என்ன பேரெண்டு கேட்டவர். இஞ்சை வந்து பதினாலு வருசம். இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லை."

அப்பா முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டார். அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார். பெயரைக் கேட்டால் சொல்ல வேண்டியதுதானே, இதற்கேன் இவ்வளவு வளர்ந்த அப்பா அழ வேண்டும் என்று நினைத்தேன். வேலை போகவில்லை என்ற நிம்மதியில் தொலைக்காட்சியைப் போட்டேன்.