சிவப்பு பிளாஸ்கில் போன பால்

எங்கள் சமையலறையின் மேல்தட்டில் வாய் அகன்ற சிவப்பு ஐஸ் பிளாஸ்க் ஒன்று இருக்கிறது. மூடி வெடித்து, நிறம் மங்கிவிட்டது. போன வாரம் சுவருக்குச் சாயம் அடிப்பதற்காகச் சாமான்களை இறக்கியபோது, "இத வீசிடலாம்லா, அப்பா?" என்றாள் மகள். என் மனைவி அதைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

மகள் பிறப்பதற்கு முன்பு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாங்கள் தங்கா பத்து என்ற ஊரில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு பத்து பெரண்டாமில் தொழிற்சாலை வேலை. ஆறு வருடம் மாரியம்மனிடம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த ஆண்பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். அவனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். மனைவியை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வாசல் தாண்டக் கூடாது, அழவும் கூடாது என்பது என் மாமியாரின் கண்டிப்பு. ஆகவே மனைவி பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள். நான் அதைச் சின்னப் போத்தல்களில் அடைத்து, இந்தப் பிளாஸ்கில் ஐஸோடு வைத்து, தினமும் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவேன்.

பிள்ளை இருந்த வார்டில் ஒரு மிஸ்ஸி, அதாவது தாதி, இருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களின் மகள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். "பால்காரர் வந்துட்டாருடா, எந்திரி" என்று பெட்டிக்குள் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போத்தலை வாங்குவார். மூக்கு வழியாகப் போன மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்குவார். நான்கு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் பிள்ளையின் வயிறு வீங்கிவிட்டது. "இப்போதைக்குப் பால் குடுக்க முடியாது தம்பி. நீங்க கொண்டாங்க, நான் எடுத்து வைக்கிறேன்" என்றார்.

வீட்டில் மனைவி பால் ஊறுவதற்காகச் சுறாப் புட்டைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிக்கொண்டிருந்தாள். "குடிச்சானா?" என்று கேட்டாள். பச்சை உடம்புக்காரியை அழ வைக்க எனக்குப் பயம். "குடிச்சான்" என்றேன். அதற்கடுத்த நாளும் அப்படியே சொன்னேன். பொய் சொல்லிவிட்டுச் சாமி மேடை முன் நிற்கவே கூசியது. இருந்தும் தினமும் சொன்னேன்.

பதினோராம் நாள் டாக்டர் மலாயில் நெடுநேரம் பேசி, கடைசியில் "ஃபஹாம்?" என்று கேட்டார். "ஃபஹாம், டோக்டர்" என்று தலையாட்டினேன். படித்தவர் முன் புரியவில்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவர் நகர்ந்ததும் மிஸ்ஸி என்னிடம் வந்தார்.

"என்ன சொன்னாருன்னு சொல்லுங்க, கேப்போம்."

நான் நின்ற நிற்பைப் பார்த்தவர், விறுவிறுவென்று போய் டாக்டரைத் திரும்ப அழைத்து வந்தார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்லி, தானே தமிழில் சொன்னார். குடல் கெட்டுவிட்டது, அறுவை தாங்குகிற உடம்பில்லை, இன்றோ நாளையோ.

"அவங்கள கூட்டிட்டு வாங்க தம்பி."

"பச்ச ஒடம்பு மிஸ்ஸி. அழக் கூடாது."

"அழாம எப்படி இருப்பாங்க? புள்ளைய மடியில வெச்சுக்கிட்டு அழட்டும். நாளைக்கு வெறுங்கையோட அழ வுட்டுறாதீங்க."

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையின் போனுக்கு அவரே கூப்பிட்டு, என் மாமியாரிடம் பேசினார். "தீட்டுன்னா நான்தாம்மா தெனமும் அவனத் தொடுறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று அவர் குரல் உயர்ந்தது மட்டும் எனக்குக் கேட்டது. மதியம் தாண்டி, மாமியாரே மகளைத் தலையில் துணி சுற்றி, காதில் பஞ்சு வைத்து, டாக்சியில் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பெற்றோர் சில நிமிடம் நின்று பார்த்துப் போக வேண்டிய இடம் அது. மிஸ்ஸி டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கி, நாற்காலி போட்டு, திரை இழுத்து, குழாய்களோடு பிள்ளையை அவள் மடியில் வைத்தார். அன்றுதான் அவள் அவனை முதன்முதலாகத் தொட்டாள்.

"எம் பால நல்லா குடிச்சான்ல, மிஸ்ஸி?"

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ தெரியாது. பொய்யும் சொல்லவில்லை, என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. "இப்ப நீங்களே குடுங்க தங்கச்சி" என்று ஒரு போத்தலைத் திறந்து, பஞ்சை நனைத்து அவள் விரல்களில் கொடுத்தார். குழாய்க்குப் பக்கத்தில் அவள் அதை வைத்தாள். உதடு அசைந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில், அந்த மடியிலேயே போய்விட்டான்.

புறப்படும்போது மிஸ்ஸி மீதிப் போத்தல்களை எல்லாம் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் தேதி எழுதியிருந்தது. "தாய்ப்பால். கேக்காம கொட்ட எனக்கு மனசு வரல" என்றார். மனைவி அவற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை.

மறுநாள் அடக்கம். அதற்கடுத்த நாள் குழியில் பால் தெளிக்கக் கடைக்குப் பால் வாங்கக் கிளம்பியவனைத் தடுத்து, இந்தப் பிளாஸ்கை நீட்டினாள்.

"வாங்குற பால் வேணாம். இது இன்னிக்காவது அவனுக்குப் போய்ச் சேரட்டும்."

பஸ்ஸில் போய்வந்த அந்தப் பாலையெல்லாம் மண்ணில் ஊற்றினேன்.

மிஸ்ஸியை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. இப்போது இனிப்புநீர் நோய்க்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரி போகும்போதெல்லாம் அந்த வார்டு இருந்த மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வரிசையில் உட்காருகிறேன். முழங்கால் வலிக்கிறது, அவ்வளவு படி ஏற முடிவதில்லை.

போன வாரம் மகள் அந்தப் பக்கம் போனதும், பிளாஸ்கைத் துடைத்தபடியே மனைவி கேட்டாள். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை.

"நெசமா எத்தன நாளுங்க குடிச்சான்?"

"நாலு நாள்" என்றேன்.

"ஒரு நாளும் குடிக்கலன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றாள். மூடியைப் பொருத்தி, பிளாஸ்கை மறுபடியும் மேல்தட்டிலேயே வைத்தாள்.