ரம்பத்தின் மறுமுனை

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேயைப் பார்த்தேன் என்று பெருமையடிக்க முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வெட்கக்கேடு, என் கதை அப்படி இல்லை.

போன அக்டோபர். நியூ மெக்சிகோ மலைக்காடு. ஓசோ பள்ளத்தின் மேல்பாதையில் விழுந்து கிடந்த மரங்களை அறுத்து வழிவிடும் வேலை எனக்கும் கோர்பினுக்கும். அந்தப் பகுதிக்குள் இயந்திரம் கூடாது என்பது சட்டம். அதனால் இரண்டு பேர் இழுக்கிற ரம்பம்தான், ஆளுக்கொரு முனை. இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது. கையை எடுக்கும் முன் "விடுறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் எதிரில் இருப்பவன் மல்லாந்து விழுவான். ரம்பம் பிடித்த எவனும் இதை மறப்பதில்லை.

கோர்பின் அதுவரை கீழே, சுற்றுலாக்காரர்கள் கூடாரம் போடும் இடத்தில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தவன். தள்ளித் தள்ளியே என் தோளைக் கழற்றிவிட்டான்.

"டேய், ரம்பம் இழுக்குறியா, தொட்டில் ஆட்டுறியா?"

"நீதான் பெரிய இவன்! காலைலேருந்து உன் வாய் மட்டும்தான் வேலை செய்யுது."

முறைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கினான். நான் மிளகாய் பரீட்டோ ரொட்டிச் சுருளைத் தின்று முடித்தேன். மணி மூன்று நாற்பது. மூடுபனி இறங்கியிருந்தது. பாதி அறுத்திருந்த மரம், கிடந்த நிலையிலேயே என் மார்பு உயரம். மறுபக்கம் ஆள் உட்கார்ந்திருந்தால் தெரியாது.

வெட்டுக்குள் நின்ற ரம்பத்தில் கை வைத்தேன். மறுமுனை இழுத்தது.

"வந்துட்டியா?"

ரம்பம்தான் மறுபடி இழுபட்டது. இன்னும் கோபம் போல என்று நினைத்தேன்.

ஸ்ர்ர்ர்... ஸ்ர்ர்ர்... வெண்ணெயில் ஓடுவது போல ஓடியது. அப்படியொரு கூட்டாளி எனக்கு வாய்த்ததே இல்லை.

"இதத்தான்டா காலைலேருந்து கேட்டேன்!"

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம்கூட இல்லை.

கருகல் வாசனை வந்தது. மரத்தூளைப் பார்த்தேன். என் பக்கம் மஞ்சள். மறுபக்கத்திலிருந்து வந்தது... கறுப்பு.

அப்போது கீழே ஓடையிலிருந்து ஒரு குரல்.

"எலிசியோ! உன் பாட்டில் எங்கடா?"

கோர்பின்.

ரம்பம் என் கையை இழுத்தது.

விட்டேன். சொல்லவில்லை.

ஓடினேன்.

ஓடைக்குப் பிரியும் வழியைத் தாண்டித்தான் ஓடினேன். அவன் கூப்பிட்டது மறுபடியும் காதில் விழுந்தது. ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும்... கொடுக்கவில்லை. பின்னால், மேலே, ஸ்ர்ர்ர்... ஸ்ர்ர்ர்... நிற்கவே இல்லை.

பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தியிருந்த எங்கள் வண்டிக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டேன். சாவி என்னிடம்தான். அவனை விட்டுவிட்டுக் கிளம்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இருட்டுகிற நேரத்தில் கோர்பின் வந்தான். தோளில் ரம்பம். முகமெல்லாம் சிரிப்பு.

"கோவம்னா இப்படியா? நான் மேல வந்து என் முனையப் பிடிச்சேன், ஒரு வார்த்த பேசாம அறுத்துத் தள்ளிட்ட!"

"என்ன?"

"நல்லா இழுத்தடா. மரம் ரெண்டாயிடுச்சு. சுத்தி வந்து பாக்குறேன், ஆளக் காணோம்."

"குளிரா இருந்துச்சு... அதான்," என்றேன்.

மறுநாள் எங்கள் மேற்பார்வையாளர் இசித்ரா என்ற பெண்ணிடம், அந்தப் பள்ளத்தில் யாராவது செத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டேன்.

"எங்கப்பா காலத்துல, தீ அணைக்கப் போன ரெண்டு பேரு. ஒருத்தன் கால் மேல மரம் விழுந்துடுச்சு. படுத்துக்கிட்டே அவன் ஒரு முனை, கூட்டாளி ஒரு முனை. பாதி அறுக்கும்போது தீ வந்துடுச்சு. கூட்டாளி சொல்லாம விட்டுட்டு ஓடிட்டான்."

"அப்புறம்?"

"ஓடினவன் சாகுற வரைக்கும் ஒண்ணத்தான் சொல்லிக்கிட்டு இருந்தான். தான் விட்டப்புறமும் ரம்பச் சத்தம் நிக்கவே இல்லையாம்."

நான் அவளிடம் ரம்பத்தைப் பற்றி எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

இழுத்தால் எலிசியோ மாதிரி இழுக்க வேண்டும் என்று கோர்பின் இன்னும் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறான். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.