பக்கத்து சீட்டு பிரேக்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஆனால் வேலை நேரத்தில் அவர் காரை ஓட்டுவதே இல்லை. கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவார். இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் பதறிப்போய் எதை மிதிப்பதென்று தெரியாமல் முழித்தால், இவர் மிதித்து வண்டியை நிறுத்திவிடுவார். அந்த ஒரு மிதிதான் அவர் தொழில். மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு.

அந்தக் கால் வீட்டிலும் சும்மா கிடக்காது. அடுப்பில் பால் பொங்கினால், உட்கார்ந்த இடத்திலிருந்தே தரையை ஓங்கி மிதிப்பார். டிவியில் எவனாவது காரைக் கண்மண் தெரியாமல் ஓட்டினாலும் மிதிப்பார். என் அக்கா வந்து வேண்டாத கதையை ஆரம்பித்தால் போதும், மேஜைக்கடியில் தட்டென்று ஒரு சத்தம் கேட்கும். கீழ் வீட்டுக்காரர்கள் இதைச் சொல்லி இரண்டு முறை சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு விலாவில் அக்கி வந்தது. சட்டை பட்டாலே துடித்துப்போனார். சின்ன வயதில் வந்துபோன அம்மையின் கிருமி உடம்புக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்து இப்போது எழுந்திருக்கிறது என்றார் டாக்டர். அந்தக் கிருமியை அடக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கப் போனது நான். மருந்துக்கடைப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"சிலருக்கு இது கொஞ்சம் மந்தமா ஆக்கிடும்மா. கை காலு சட்டுனு வேலை செய்யாது. மாத்திரை முடியிற வரைக்கும் வண்டி ஓட்ட வேணாம்னு சொல்லுங்க. தண்ணி நிறைய குடிக்கணும்."

வீட்டுக்கு வந்து அதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன்.

"நான் எங்க வண்டி ஓட்டுறேன்? ஓட்டுறது அவங்க. நான் பாட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் ஏன் சிரித்தேன் என்று இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

தண்ணீர் விஷயமும் அதே கதைதான். காலையில் வண்டியில் ஏறினால் மதியம் வரை ஒருவர் இறங்க ஒருவர் ஏறுவார்கள். நடுவில் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் இவர் தொழிலில் இருக்கிற எல்லாருமே காலையில் தண்ணீரைத் தொட மாட்டார்கள். மாத்திரையை ஒரே ஒரு வாய் தண்ணீரில் முழுங்கிவிட்டுக் கிளம்பிப் போனார். நான் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன். நிரப்பியபடியே அது திரும்பி வந்தது.

ஒருநாள் அறைக்குள்ளிருந்து வீட்டுச் சாவியைத் தூக்கிப் போட்டேன். எப்போதும் பார்க்காமலே பிடிப்பவர். அன்றைக்குச் சாவி மார்பில் பட்டுக் கீழே விழுந்த பிறகுதான் கையை நீட்டினார். "சாப்பாட்டுத் தட்டுக்குன்னா மட்டும் கை சட்டுனு நீளும்" என்று கேலி செய்தேன். அவரும் அசடு வழிந்தார். எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

அந்த வாரம் அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருத்தி, ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற பெண். நாளெல்லாம் அடுப்புச் சூட்டில் நிற்கிற வேலை. லைசென்ஸ் வாங்கிவிட்டால் கடை வேனை அவளிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஊரெல்லாம் ரொட்டி கொண்டுபோய்ப் போடலாம், காற்றாடச் சுற்றலாம். அதற்காகவே விழுந்து விழுந்து கற்றுக்கொண்டாள். "இந்தப் பொண்ணுக்குக் கை படிஞ்சிருச்சு" என்று இவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு சின்னத் தெருவில் திரும்பும்போது நாய் குறுக்கே வந்தது. அவள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டாள். கற்றுக்கொள்கிற எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தப்புதான். அதற்காகத்தான் பக்கத்து சீட்டில் ஆளே இருக்கிறது. நாய் தப்பியது. கார் பூட்டிய கடையொன்றின் சுவரில் போய் மோதியது. இவருக்கு நெற்றியில் புடைத்தது. அவளுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி வந்து பார்த்துவிட்டு, "கத்துக்குறவங்க இடிக்கிறது சகஜம்தான்" என்று அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். இவர் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது அவள் அழுதிருக்கிறாள், கை வலிக்காக இல்லை.

"மன்னிச்சிருங்க மாஸ்டர். உங்களுக்கும் அடிபட வெச்சிட்டேன்."

"பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் இந்த மனிதர். தன் தப்புக்கு அவளைப் போய் மன்னித்துவிட்டு வந்திருக்கிறார்!

இதையெல்லாம் அவரே சாயங்காலம் என்னிடம் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் கதவோரம் நின்றபடி சொன்னார்.

"அவ தப்பா மிதிக்கிறதைப் பாத்தேன். மிதிக்கணும்னு தெரிஞ்சுது. ஆனா காலு வரல. வந்தப்போ சுவரு வந்திருச்சு."

டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தண்ணி குடிச்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். தண்ணீர் போதாவிட்டால் அந்த மருந்து உடம்பை விட்டு வெளியேறாமல் தங்கிவிடுமாம். தங்கினால் மந்தம் கூடுமாம். "ஆனா மாத்திரையாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. வலியில தூங்காம இருந்திருக்கீங்க, அதுவும் இருக்கலாம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டருக்கே தெரியாதபோது நாம் எப்படிச் சொல்வது என்று ஆரம்பித்தார். முதுகுவலி என்று சொல்லி வண்டியில் ஏறுவதை மட்டும் விட்டுவிட்டு, வகுப்பறையில் சாலைக் குறியீடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாத்திரை தீர்ந்தது. கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. கை காலெல்லாம் பழையபடி சுறுசுறுப்பானது. சோறுதான் இறங்கவில்லை. தட்டில் பிசைவார், அளைவார், எழுந்து போய்விடுவார். என்ன என்று கேட்டால் பசியில்லை என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் தொங்கிய துணியில் கட்டுப் போட்ட கை. இன்னொரு கையில் ஒரு பொட்டலம் ரொட்டி.

"மாஸ்டருக்கு நெத்தி ஆறிடுச்சாக்கா? பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"உக்காரும்மா. வேன் விஷயம் என்னாச்சு?"

"வேணாம்னு சொல்லிட்டேன்க்கா. வேற ஒருத்தன் கத்துக்கப் போறான். என் காலு என் பேச்சைக் கேக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. ரோட்டுல யாரையாவது கொன்னுட்டா? ராத்திரி கண்ண மூடுனா அந்தச் சுவருதான் வருது."

இவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கை ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அவள் போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ரொட்டியை அவர் முன்னால் தூக்கி வைத்தேன்.

"சாப்பிடுங்க. உங்களுக்காகத்தானே ஒத்தைக் கையில சுமந்துட்டு வந்திருக்கா."

"சொன்னா வேலை போயிடும்."

"போகட்டும். அவளுக்குப் போன மாதிரி உங்களுக்கும் போகட்டும்."

"டாக்டரே உறுதியாச் சொல்லலையே..."

"டாக்டர் காருல இல்ல. நீங்க இருந்தீங்க. காலு வரலைன்னு உங்க வாயாலதானே சொன்னீங்க?"

அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. மருந்துக்கடைப் பெண் சொன்னதைக் கேட்டும் சிரித்தவள் நான். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ரொட்டிக் கடைக்குப் போனோம். அவள் இடது கையால் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தபடி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இவர் உட்காரவில்லை. மாத்திரை, மருந்துக்கடையில் சொன்னது, குடிக்காத தண்ணீர், வராத கால் எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் சொல்லி முடித்தார். நானும் என் பங்கைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது.

"அப்ப நீங்க மிதிச்சிருந்தா வண்டி நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும்மா. உன் மேல தப்பில்ல. கத்துக்குறவங்க அப்படித்தான் மிதிப்பாங்க. நிறுத்த வேண்டியது நான்."

அவள் துடைக்கிற துணியைக் கீழே வைத்தாள்.

"மாத்திரையால காலு லேட்டாச்சு, சரி. மனுசன்னா உடம்புக்கு வரும். சொல்றதுக்கு ஏன் இத்தன நாளாச்சு? நேத்து உங்க வீட்டுல உக்காந்து புலம்புனேனே, அப்பவும் மாத்திரையா?"

எனக்கு அந்தத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"கை சரியானதும் நீ திரும்பக் கத்துக்கணும்மா. உனக்கு நல்லா வரும். நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"கத்துக்குவேன் மாஸ்டர். இன்னைக்கே முதலாளிகிட்ட சொல்லிடுறேன், அந்த வேனு எனக்குத்தான்னு. ஆனா உங்ககிட்ட கத்துக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தட்டுகளை இடது கையால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். உதவலாமென்று இவர் ஒரு தட்டைத் தொட்டார். "வெச்சிருங்க" என்றாள். வைத்துவிட்டார்.