எஸ்.இ.ஓ.வுக்குக் கண்ணீர் அஞ்சலி

ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாத வேலை எங்களுடையது. நெட்டில் ஒருவர் எதையாவது தேடும்போது நம் வாடிக்கையாளரின் கடை முதலில் வந்து நிற்க வேண்டும். அதற்கான வேலைக்குப் பெயர் எஸ்.இ.ஓ. இதே தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்தால் பாதியிலேயே பெருமூச்சு விடுவீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, சேர்ந்தே விடுவோம்.

போர்டு மாட்டுகிறவர்

டி.டி.பி. ஆபரேட்டராக இருந்தவன் நான். இந்த வேலையை யாரும் சொல்லித் தரவில்லை; நானாகத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். அப்போது பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் தெருப் பெண்கள் என் மனைவி வசந்தாவிடம், "உங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல என்னதான் பண்றாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு சாயங்காலம் அவள் அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன்.

வசந்தா இறந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அன்று அவள் சொன்னதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை. "புரிஞ்சுது. கடைக்குப் போர்டு மாட்டறீங்க. எவனோ வந்து அதைத் திருப்பி வெச்சிட்டுப் போயிடறான். நீங்க மறுபடி போய் நேரா வெக்கறீங்க."

துக்கம் விசாரிக்க வந்தவர்

எங்கள் தொழில் செத்துவிட்டதாக வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது இணையத்தில் அறிவிப்பார்கள். போன மழைக்காலத்தில் அறிவித்தவன் தினேஷ். ஒரு காலத்தில் ஒரே ஆபீசில் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவன். அவன் பிழைப்பதும் இதே தொழிலில்தான். கறுப்புக் கட்டம் போட்டு, தேடல் பெட்டியில் இருக்கும் பூதக்கண்ணாடிக்கு மாலை மாட்டி, 'கண்ணீர் அஞ்சலி: எஸ்.இ.ஓ.' என்று பதிவு போட்டிருந்தான். கீழே, இதைச் செய்கிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று ஒரு வரி. ஆயிரக்கணக்கில் கூட்டம். பாதிப் பேர் அவனைத் திட்டினார்கள். மீதிப் பேர் திட்டியவர்களைத் திட்டினார்கள்.

வாசலில் நின்று ஒரு நண்பரிடம் போனில், "ஆமாங்க, எஸ்.இ.ஓ. செத்துப்போச்சாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாடி வீட்டு ராணியக்கா டம்ளரோடு இறங்கி வந்தார். முகம் வாடியிருந்தது. "உங்க சி.இ.ஓ. தவறிட்டாராமே. வயசானவரா?" என்றார். ஆள் யாரும் சாகவில்லை, என் தொழில்தான் செத்துவிட்டதாகப் பேச்சு என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நீட்டிய டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "யார் செத்தா என்ன, நீங்க காபியக் குடிங்க. ஆறிடப் போவுது."

முதலில் வந்தது

பீன்யா தொழிற்பேட்டையில், சரக்கு நகர்த்துகிற கன்வேயர் ரோலர் செய்கிற கம்பெனி ஒன்று எனக்கு வாடிக்கை. என் வீட்டில் அடுப்பு எரிவது அவர்களால்தான். மற்றவை எல்லாம் சின்னச் சின்னக் கடைகள். அந்தக் கம்பெனி கைவிட்டுப் போனால் இந்த வயதில் இன்னொரு இடம் கிடைக்காது. அதன் மேனேஜர் பிரகாஷ், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், என்னை வரச் சொன்னார்.

"ஏன் சார், சத்தோய்த்தந்தே?" என்று, செத்துப்போச்சாமே என்பதைக் கன்னடத்தில் கேட்டு ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார். "செத்துப்போன வேலைக்கு எதுக்கு மாசாமாசம் பில்லுன்னு ஓனர் கேக்கறாரு. மாசக் கடைசில முடிவு சொல்றேன்." தினேஷின் பதிவை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். "எஸ்.இ.ஓ. தேவையான்னு தேடினேன் சார். இதுதான் முதல்ல வந்துச்சு. முதல்ல வர்றது பொய்யாவா இருக்கும்?"

திட்டச் சொன்னவன்

அன்றைக்கே தினேஷிடமிருந்து போன். "அண்ணா, பாத்தீங்களா? பத்திக்கிச்சு!" என்றான். உன்னால் என் பீன்யா வேலை போகும் போலிருக்கிறது தம்பி என்றேன். "ஐயோ அண்ணா... அதை அப்படியே கமென்ட்ல எழுதுங்களேன். என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேன்னு கோவமா எழுதுங்க. நீங்க சீனியர். இன்னும் மேல போவும்" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. இதே தொழிலைப் பற்றி ஒரு வருஷம் பொறுமையாக, பயனுள்ளதாக எழுதினான். படித்தது அநேகமாக நான் ஒருவன்தான். ஒப்புக்கொள்கிறவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். கோபம் வந்தவர்தான் உட்கார்ந்து பத்தி பத்தியாக எழுதுவார். அந்தப் பத்திகள்தான் பதிவை மேலே தள்ளுகின்றன. எனக்கும் கோபம்தான். ஆனாலும் 'படித்தேன் தம்பி. சில இடங்களில் நீ சொல்வது சரி' என்று மட்டும் எழுதினேன். உடனே மறுபடி போன். "சண்டை நல்லா போயிட்டிருந்துச்சுண்ணா. நடுவுல பூந்து சரின்னுட்டீங்களே!"

நம்ம ஆளா?

முருகன் எங்கள் பகுதியில் சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். அவரையும் தேடினால் முதலில் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். பெட்டியின் புதுப் படங்களைக் கொடுக்க வந்தவரிடம் தினேஷின் பதிவைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மாலை சரியில்ல சார். சம்பங்கி போட்டிருக்கணும்."

இதற்குப் போய் ஏன் இவ்வளவு கூட்டம் என்று கேட்டேன். "ஆஸ்டின் டவுன் முனையில பர்த்டே பேனர் கட்டுங்க, ஒருத்தன் திரும்ப மாட்டான். அதே கம்பத்துல கண்ணீர் அஞ்சலி கட்டுங்க, வண்டிய ஓரங்கட்டிப் பாப்பான்" என்றார். ஏன் என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். "செத்தது நம்ம ஆளான்னு பாக்கணும்ல சார்? இல்லேன்னு தெரிஞ்சாத்தான் வண்டி நகரும்."

மாசக் கடைசி

பீன்யாவுக்கு வாதம் எதுவும் தயார் செய்துகொள்ளாமல் போனேன். பிரகாஷ் காபி வரவழைத்தார். கடைசிக் காபி என்று நினைத்துக்கொண்டேன். "ஓனரும் அந்தப் பதிவைப் பாத்துட்டாரு சார். தேடினா செத்தவன் முதல் பக்கத்துல இருக்கான், உயிரோட இருக்கற நாம ஏன்யா ரெண்டாவது பக்கத்துல இருக்கோம்னு என்னைப் பிடிச்சுக் கத்தறாரு. நீங்க வேலையப் பாருங்க சார், நிறுத்த வேணாம்" என்றார்.

எழுந்தேன். அவர் விடவில்லை. கன்வேயர் ரோலர் செத்துப்போச்சு என்று நாமும் ஒரு பதிவு போடலாமா, மாலையெல்லாம் மாட்டி, என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஃபேக்டரியை மூடிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றேன். நியாயம்தான் என்று தலையாட்டினார். கதவு வரைக்கும் கூடவே வந்தார். "அப்போ, எதிர்க் கம்பெனி ரோலர் மட்டும் செத்துப்போச்சுன்னு போட்டா?"

வருஷா வருஷம் செத்துச் செத்துப் பிழைக்கிற ஒரு தொழிலை நம்பித்தான் என் காலம் ஓடுகிறது. ஒரே ஒரு முறை போனவர்கள்தான் திரும்பி வருவதாகத் தெரியவில்லை.